சபுராளியின் சம்பாத்தியம் யார் பெயரில் இருக்கிறது?

வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் ஒருவரை வழியனுப்ப வீடே திரண்டு நிற்கும். பாஸ்போர்ட், விசா, மெடிக்கல், டிக்கெட் என ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்ப்பார்கள். ஊறுகாய் பாட்டிலுக்குத் துணி சுற்றியாகிவிட்டதா என்பதைக்கூடக் கேட்பார்கள். ஆனால் அவர் சம்பாதிக்கப்போகும் பணம் எந்தக் கணக்கில், யார் பெயரில் வந்து சேரப்போகிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் அவர் எக்ஸ்சேஞ்ச் வரிசையில் நின்றபடி வீட்டுக்குப் போன் போட்டு, "எந்த அக்கவுண்டுக்கு அனுப்பட்டும்?" என்று கேட்பார். வாப்பாவின் கணக்கோ, அண்ணனின் கணக்கோ, மச்சானின் கணக்கோ, ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார்கள். அன்று சொன்ன அந்த எண்ணுக்கே பத்து வருடம், இருபது வருடம் பணம் போய்க்கொண்டிருக்கும். உழைத்தவர் பெயரில் ஒரு பாஸ்புக்கூட இருக்காது.

இதனால் வரும் சிக்கல் அவர் வெளிநாட்டில் இருக்கும்வரை தெரியாது. ஊர் திரும்பும்போதோ, குடும்பத்தில் ஒரு மரணம் நேரும்போதோதான் தெரியும். ஜமாஅத்துகளுக்கு வரும் குடும்ப வழக்குகளில் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. எனவே வெளிநாட்டில் வேலை செய்யும் ஒருவர் எந்தெந்த வங்கிக் கணக்குகளை வைத்துக்கொள்ள வேண்டும், அவற்றின் சட்டம் என்ன, மார்க்கத்தின் பார்வையில் கவனிக்க வேண்டியவை என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

என்.ஆர்.ஐ. என்பவர் யார்?

"நான் லேபர் விசாவில் இருக்கிறேன், என்.ஆர்.ஐ. எல்லாம் பெரிய கம்பெனி ஆட்களுக்குத்தானே?" என்று கேட்கும் சகோதரர்கள் உண்டு. அப்படி இல்லை. 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, அதாவது ஃபெமா சட்டத்தின்படி, வேலைக்காக இந்தியாவை விட்டு வெளியேறும் இந்தியக் குடிமகன் வெளிநாடு வாழ் இந்தியர் ஆகிறார். எஞ்சினியரும் ஹவுஸ் டிரைவரும் இந்தச் சட்டத்தின் முன் ஒன்றுதான். வருமான வரிச் சட்டம் இந்தியாவில் தங்கிய நாட்களை எண்ணி முடிவு செய்யும். வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை ஃபெமா சொல்வதே அடிப்படை.

இதிலிருந்து ஒரு கடமை வருகிறது. ஊரில் இருக்கும்போது திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கை, வேலைக்குப் போன பிறகு அப்படியே வைத்திருக்கக்கூடாது. வங்கிக்குத் தெரிவித்து அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். கணக்கை மூட வேண்டியதில்லை, அதன் வகை மட்டும் மாறும்.

மூன்று கணக்குகள், மூன்று வேலைகள்

முதலாவது என்.ஆர்.இ. கணக்கு. வெளிநாட்டில் சம்பாதிக்கும் பணத்தை ஊரில் வைத்திருப்பதற்கான கணக்கு இது. ரியாலோ திர்ஹமோ வங்கி வழியாக வந்து ரூபாயாக மாறி இதில் சேரும். இதிலுள்ள பணத்தை எப்போது வேண்டுமானாலும் தடையின்றி மீண்டும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம். ஊரில் கிடைக்கும் ரூபாய் நோட்டுகளை இதில் போட முடியாது. வெளியிலிருந்து முறையாக வந்த பணத்துக்கு மட்டுமே இதில் இடம். அந்தக் கட்டுப்பாடே உங்களுக்குப் பாதுகாப்பும்கூட. "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று நாளை யாராவது கேட்டால், கணக்கின் அறிக்கையே பதில் சொல்லிவிடும்.

இரண்டாவது என்.ஆர்.ஓ. கணக்கு. ஊரிலேயே வரும் வருமானத்துக்கானது. கடை வாடகை, தோப்புக் குத்தகை, பங்குகளின் லாபத்தொகை, சொத்து விற்ற பணம் எல்லாம் இதில்தான் வர வேண்டும். இதிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் எடுத்துச் செல்ல வரம்பு உண்டு. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை, வரி கட்டியதற்கான சான்றுகளோடு அனுப்பலாம். இந்தக் கணக்கில் சேரும் வட்டிக்கு 30 சதவீதமும் அதன் மேல் செஸும் வரியாகப் பிடிக்கப்படும். என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு வருமான வரி இல்லை.

மூன்றாவது எஃப்.சி.என்.ஆர். கணக்கு. டாலர், பவுண்டு போன்ற வெளிநாட்டு நாணயமாகவே ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை வைக்கும் வைப்புத்தொகை இது. ரூபாயின் மதிப்பு குறைந்தாலும் பாதிப்பு வராது. ஆனால் இது முழுக்க வட்டி சார்ந்த வைப்பு என்பதால் நம்மவர்கள் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் தம்மாமில் வேலை செய்கிறார். ஊரில் அவருக்கு ஒரு கடை வாடகைக்குப் போயிருக்கிறது. அவர் அனுப்பும் சம்பளம் என்.ஆர்.இ. கணக்குக்கு வர வேண்டும். கடை வாடகை என்.ஆர்.ஓ. கணக்குக்கு வர வேண்டும். இரண்டையும் ஒரே கணக்கில் கலக்காமல் வைத்திருந்தால் வரிக் கணக்கும் எளிது, ஜகாத் கணக்கும் எளிது.

வேலை செய்யும் நாட்டில் ஒரு கணக்கு

வளைகுடா நாடுகளில் சம்பளத்தைக் கையில் கொடுக்கும் வழக்கம் பெருமளவு மாறிவிட்டது. ஐக்கிய அரபு அமீரகம் 2009-இல் ஊதியப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தது. பிறகு சவூதி, கத்தார் போன்ற நாடுகளும் இதைப் பின்பற்றின. இதன்படி கம்பெனி வங்கி வழியாகவே சம்பளம் போட வேண்டும். வங்கிக் கணக்கு இல்லாத தொழிலாளிக்குச் சம்பள அட்டை கொடுப்பார்கள்.

இதைச் சிலர் ஒரு சடங்காக நினைத்து, அட்டையை ஃபோர்மேனிடமோ ரூமில் இருப்பவரிடமோ கொடுத்து வைக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கம்பெனி சம்பளம் தராமல் இழுத்தடித்தால், தொழிலாளர் நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் கணக்கின் பதிவுதான். அட்டையும் பின் நம்பரும் உங்களிடமே இருக்க வேண்டும்.

அதைவிட ஆபத்தானது, உங்கள் கணக்கை இன்னொருவர் பயன்படுத்த விடுவது. "எனக்கு ஒரு பணம் வரும், உன் அக்கவுண்டில் வாங்கி எடுத்துக் கொடு, உனக்கும் கொஞ்சம் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் மோசடிப் பணமாகவே இருக்கும். விசாரணை வரும்போது கணக்குக்கு உரியவரைத்தான் பிடிப்பார்கள். எனக்குத் தெரியாது என்பது அங்கே எடுபடாது.

கணக்கு திறக்க அந்த நாட்டின் குடியிருப்பு அட்டை தேவை. சவூதியில் இகாமா, அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐடி. இகாமா காலாவதியானால் கணக்கும் முடங்கும். எனவே புதுப்பித்தவுடன் வங்கியிலும் பதிவு செய்துவிடுங்கள். வேலையை முடித்துக்கொண்டு எக்ஸிட்டில் வரும்போது, கடன், கிரெடிட் கார்டு பாக்கி எதுவும் இல்லாமல் தீர்த்துவிட்டுக் கணக்கை முறைப்படி மூடிவிட்டு வாருங்கள்.

ஊர் வங்கியில் கணக்கு திறப்பது எப்படி?

விடுமுறையில் வரும்போது உங்கள் ஊர்க் கிளைக்கே போய் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. இரண்டையும் ஒரே நாளில் திறக்க விண்ணப்பிக்கலாம். அதுதான் எளிய வழி. பாஸ்போர்ட், செல்லுபடியாகும் விசா அல்லது குடியிருப்பு அட்டை, வெளிநாட்டு முகவரிக்கான சான்று, பான் அட்டை, புகைப்படம் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். பான் இல்லாதவர்களிடம் படிவம் 60 கேட்பார்கள். இருந்தாலும் பான் எடுத்துவிடுவதே நல்லது. கேம்ப்பில் தங்கியிருப்பவருக்குத் தன் பெயரில் வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ இருக்காது. அவர் கம்பெனியிடம் முகவரியுடன் ஒரு கடிதம் வாங்கி வந்தால் உதவும். எந்தக் கடிதத்தை ஏற்பார்கள் என்பது வங்கிக்கு வங்கி மாறும் என்பதால், புறப்படும் முன்பே கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வர முடியாதவர்கள் அங்கிருந்தபடியே விண்ணப்பிக்கலாம். அப்போது பாஸ்போர்ட், விசா நகல்களில் இந்தியத் தூதரகமோ நோட்டரியோ வங்கி ஏற்கும் அதிகாரியோ சான்றொப்பம் இட்டிருக்க வேண்டும்.

மொபைல் எண் விஷயத்திலும் கவனம் தேவை. ஊர் சிம்மை வங்கியில் பதிவு செய்துவிட்டு, ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அந்த எண் போய்விடும். ஓ.டி.பி. வராது, கணக்கைத் திறந்து பார்க்கக்கூட முடியாது. எனவே வெளிநாட்டு எண்ணையே பதிவு செய்யுங்கள், அல்லது ஊர் எண்ணை உயிரோடு வைத்திருங்கள். 2023 முதல் அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் எண்களோடு இணைந்த என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளிலும் யு.பி.ஐ. வசதிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. உங்கள் வங்கி அதை வழங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது?

"என் பெயரில் கணக்கு வைத்துவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் எப்படிப் பணம் எடுப்பார்கள்?" இது நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, மாதச் செலவுக்கு வேண்டிய தொகையை மட்டும் மனைவி அல்லது பெற்றோரின் சாதாரணக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை உங்கள் என்.ஆர்.இ. கணக்கில் சேர்ப்பது. செலவுப் பணம் வேறு, சேமிப்பு வேறு என்று பிரிந்துவிடும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே போதும்.

இன்னொன்று, ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினரை என்.ஆர்.இ. கணக்கில் இரண்டாம் நபராகச் சேர்ப்பது. "முதல்வர் அல்லது எஞ்சியிருப்பவர்" என்ற நிபந்தனையில் மட்டுமே இதற்கு அனுமதி உண்டு. அதாவது நீங்கள் இருக்கும்வரை கணக்கு உங்களுடையது. அவர் உங்கள் அதிகாரப் பத்திரத்தின் பேரில், ஊரில் கொடுக்க வேண்டியவற்றைக் கொடுக்கலாம். உங்கள் சார்பில் அந்தப் பணத்தை அவர் யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது. வீட்டுச் செலவும் நடக்கும், உரிமையும் உங்களிடம் இருக்கும்.

அனுப்பிய பணம் என்ன வகை?

இனிச் சொல்லப்போவதை வங்கியில் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

ஒருவர் தன் அண்ணனின் கணக்குக்குப் பன்னிரண்டு வருடம் பணம் அனுப்பியிருக்கிறார். அண்ணன் அதில் வாப்பாவின் மருத்துவச் செலவைப் பார்த்தார், தங்கையின் திருமணத்தை நடத்தினார், மீதியில் ஒரு மனை வாங்கினார். பத்திரம் அண்ணன் பெயரில் இருக்கிறது. திடீரென்று அண்ணன் மவுத்தாகிவிட்டார். அந்த மனை அண்ணனின் மனைவி மக்களுக்கா, பணம் அனுப்பிய தம்பிக்கா? இப்படி ஒரு வழக்கு வரும்போது ஆலிம்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்ன சொல்லிப் பணம் அனுப்பினீர்கள்?"

அன்பளிப்பு என்றால் அது ஹிபா. கொடுத்து அவர் கைப்பற்றிக்கொண்ட பிறகு அது அவருடைய சொத்து, அவர் மரணத்துக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கு. கடன் என்றால் அது கர்ழ். சொத்தைப் பங்கு வைக்கும் முன் அதைத் தீர்த்தாக வேண்டும். பாதுகாத்து வைக்கக் கொடுத்தது என்றால் அமானிதம், அது தம்பிக்கே திரும்ப வேண்டும். தனக்காக மனை வாங்கச் சொல்லிக் கொடுத்திருந்தால் அண்ணன் வெறும் வகீல், அதாவது பிரதிநிதி மட்டுமே. நான்கு வகைக்கும் நான்கு விதமான தீர்ப்பு. ஆனால் பல வழக்குகளில் "வீட்டுக்கு அனுப்பினேன்" என்பதைத் தவிர வேறு பதில் இருக்காது. இறந்தவரிடம் கேட்கவும் முடியாது. அண்ணன் மனைவி பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது, தம்பி பேராசைக்காரர் என்றும் சொல்ல முடியாது. எழுதி வைக்காத ஒன்றை இரு தரப்பும் தத்தம் நினைவின்படி பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

சட்டத்தின் நிலையும் இங்கே தம்பிக்குச் சாதகமாக இல்லை. 2016-இல் திருத்தப்பட்ட பினாமி தடைச் சட்டம், கணக்கில் காட்டக்கூடிய பணத்தில் மனைவி மக்கள் பெயரில் சொத்து வாங்க விலக்கு அளிக்கிறது. உடன்பிறந்தவர் பெயரில் வாங்குவதானால், பணம் கொடுத்தவரின் பெயரும் பத்திரத்தில் கூட்டாக இருந்தால்தான் அந்த விலக்கு. தனியாக அண்ணன் பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு உரிமை கேட்டுப் போனால், வழக்குத் தொடுப்பதே சிக்கலாகும்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். அது பேசுவது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியும், அதற்குச் சாட்சிகளை வைப்பதைப் பற்றியும்தான். சொந்தச் சகோதரர்களுக்கிடையே எழுத்து எதற்கு என்று நாம் கூச்சப்படுகிறோம். எழுத்து நம்பிக்கையைக் குறைப்பதில்லை, உறவு கெடாமல் அதுதான் காப்பாற்றுகிறது. வங்கி அறிக்கை தொகையையும் தேதியையும் காட்டும், நோக்கத்தைக் காட்டாது. ஆகவே பெரிய தொகை அனுப்பும்போது "இது மனை வாங்க", "இது கடன்", "இது உம்மாவுக்கு என் அன்பளிப்பு" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பி வையுங்கள். பத்து வினாடி வேலைதான்.

நாமினி வாரிசு அல்ல

கணக்கு திறக்கும்போது நாமினி பெயர் எழுதச் சொல்வார்கள். அவசியம் எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்குப் பின் குடும்பத்தினர் வாரிசுச் சான்றிதழ் என்றும் நீதிமன்றம் என்றும் அலைய நேரும். 2025 நவம்பர் முதல் வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம்.

ஆனால் நாமினி அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை மட்டுமே அவருக்கு உண்டு. பெற்ற பின் உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆயுள் காப்பீட்டு விஷயத்தில் 1983-லும், வங்கி வைப்பு விஷயத்தில் 2010-லும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஷரீஅத்தின் நிலையும் இதுவே. கணவரின் கணக்குக்கு மனைவி நாமினியாக இருந்தாலும், பிள்ளைகள் இருக்கும்போது அவருடைய பங்கு எட்டில் ஒன்று. தாய்க்கும் தந்தைக்கும் தலா ஆறில் ஒன்று. மீதி மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் பிள்ளைகளுக்கு. இதற்கெல்லாம் முன்பாகக் கடனும் மரண சாசனமும் நிறைவேற வேண்டும். மனைவியின் மஹர் பாக்கி இருந்தால் அதுவும் கடன்தான்.

உங்களிடம் எந்தெந்த வங்கியில் கணக்கு இருக்கிறது என்பதை மனைவியோ நம்பிக்கையான ஒருவரோ அறிந்திருக்க வேண்டும். பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புகளை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றிவிடுகின்றன. பிறகும் உரியவர்கள் கேட்டுப் பெறலாம். ஆனால் இருப்பதே தெரியாத பணத்தை யார் போய்க் கேட்பார்கள்?

உண்டியல்

"உண்டியலில் அனுப்பினால் இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கிறது" என்பது பழைய பேச்சு. ஃபெமா சட்டப்படி இது குற்றம். சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. பிடிபடாவிட்டாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். உண்டியலில் வந்த பணத்தை என்.ஆர்.இ. கணக்கில் போட முடியாது. வீடு வாங்கும்போது பணத்துக்கு ஆதாரம் காட்ட முடியாது. கொண்டு வருபவர் ஏமாற்றினால் புகார் கொடுக்கவும் முடியாது. வியர்வை சிந்தி ஹலாலாகச் சம்பாதித்த பணத்தைக் கறுப்புப் பணத்தைப் போல நாமே ஏன் ஒளித்துக் கொண்டுவர வேண்டும்?

வட்டியை என்ன செய்வது?

இந்தியாவில் வட்டியில்லா வங்கி இல்லை. அந்த யோசனையை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் தெரிவித்துவிட்டது. என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. இரண்டையும் நடப்புக் கணக்காகத் திறந்தால் வட்டி சேராது. ஆனால் அதில் குறைந்தபட்ச இருப்பு கூடுதலாகக் கேட்பார்கள். சாமானியத் தொழிலாளிக்கு அது எட்டாமல் போகலாம். அப்போது சேமிப்புக் கணக்கு வைத்துக்கொண்டு, சேரும் வட்டியைத் தன் செலவுக்கு எடுக்காமல், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடும்படி ஆலிம்கள் பலர் வழிகாட்டுகிறார்கள். ஜகாத்தாகவோ ஸதகாவாகவோ அதைக் கணக்கிடக் கூடாது. கூடுதல் வட்டி என்ற விளம்பரத்தைப் பார்த்து நிரந்தர வைப்பில் போடுவது வேறு விஷயம். அங்கே நாமே வட்டியைத் தேடிப் போகிறோம்.

வேலை செய்யும் நாட்டில் இந்தச் சிரமம் குறைவு. துபாய் இஸ்லாமிக் வங்கி 1975 முதல், குவைத் ஃபைனான்ஸ் ஹவுஸ் 1977 முதல் வட்டியில்லா முறையில் இயங்குகின்றன. சவூதியில் அல் ராஜ்ஹி வங்கி இருக்கிறது. சம்பளக் கணக்கைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

ஊர் திரும்பிய பிறகு

நிரந்தரமாகத் திரும்பிவிட்டால் வங்கிக்குத் தெரிவித்து என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டு நாணயமாக வைத்திருக்க விரும்பினால் ஆர்.எஃப்.சி. கணக்கு திறக்கலாம். மாற்றாமல் விட்டு வட்டிக்கு வரி விலக்கு எடுத்துக்கொண்டே போனால், பிறகு வருமான வரித் துறைக்குப் பதில் சொல்ல நேரும்.

இந்த விடுமுறையிலேயே

அடுத்த முறை ஊர் வரும்போது ஐந்து வேலைகளை முடித்துவிடுங்கள். பழைய கணக்கை என்.ஆர்.ஓ. ஆக மாற்றுங்கள். உங்கள் பெயரில் ஒரு என்.ஆர்.இ. கணக்கு திறங்கள். இரண்டிலும் நாமினி எழுதுங்கள். இதுவரை யார் யாருக்கு, எதற்காகப் பணம் அனுப்பினீர்கள் என்பதை உட்கார்ந்து பேசி, எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் கணக்குகளின் பட்டியலை மனைவியிடம் கொடுங்கள்.

இதை அண்ணன் தம்பி மீது சந்தேகம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் உயிரோடும் அன்போடும் இருக்கும்போது எழுத வேண்டிய எழுத்து இது. உறவினரின் குடும்பத்துக்குச் செலவு செய்வது பெரும் நன்மை, அதை மனமுவந்து தாராளமாகச் செய்யுங்கள். எது நன்மைக்காகக் கொடுத்தது, எது திரும்பி வர வேண்டியது என்பது மட்டும் இரு தரப்புக்கும் தெரிந்திருக்கட்டும்.

கடல் கடந்து உழைக்கும் நம் சகோதரர்களின் ரிஸ்கில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவர்கள் குடும்பங்களை ஒற்றுமையோடு வாழச் செய்வானாக. ஆமீன்.